சட்டப்படி இது சாலை

கணக்கு எளிது.
ஞாயிறு விட்டு ஞாயிறு
காலைப் படகில் தெப்பேய் அக்கரைக்குப் போவான்,
மாலைப் படகில் திரும்புவான்.
நான் இக்கரை. அவன் அப்பா அக்கரை.
நடுவில் கிசு ஆறும்
கயிறு வீசும் இசோமுராவும்.

டிக்கெட் கிடையாது.
ஆற்றைக் குறுக்கே கடக்கும் இந்தப் படகு
சட்டப்படி சாலையின் ஒரு துண்டு.
நடப்பதற்கு யாராவது காசு கேட்பார்களா
என்றார் அவர், குடும்ப நீதிமன்றப் படியில்,
பிள்ளையைப் பார்க்கும் நாட்கள் முடிவான அன்று.
நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

இந்த வாரம் பள்ளியில் தாள் கொடுத்திருக்கிறார்கள்:
"எங்கள் வட்டாரம், தைஷோ."
மூன்று கட்டங்கள்.
நிலம். வரலாறு. போக்குவரத்து.

முதல் கட்டத்தில் எழுதிவிட்டான்:
சுற்றிலும் தண்ணீர்.
அதன் கீழே பொடி எழுத்தில்:
எங்கள் வீடு கடலைவிடப் பள்ளம். அம்மாவுக்குத் தெரியாது.

தெரியும்.
வாடகை மலிந்ததே அதனால்தான்.

இங்கே ஒரே ஒரு மலை, பூங்காவுக்குள்.
ஊரெங்கும் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய மண்ணைக்
கொண்டுவந்து கொட்டி வளர்த்தது.
"அப்போ அந்த மலை, வெளியே இழுத்துப் போட்ட சுரங்கமா?"
உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்த
அவன் காலுறையை மடித்துக்கொண்டே
ஆமாம் என்றேன்.

வரலாற்றுக்கு நான் உதவினேன்.
ஒரு பாலத்தின் பெயரே வட்டாரத்துக்கு வந்தது.
பஞ்சாலைகள் வந்தன.
ஓகினாவாவிலிருந்து கப்பலேறி வந்த பெண்கள்
அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டு நின்றார்கள்.
அதில் ஒருத்தி எங்கள் நகந்தகாரி வீட்டுப் பெண்;
சம்பளச் சீட்டில் அவளுக்கு எண் இருந்தது,
பெயர் எங்கள் வரை வரவில்லை.
"ஓகினாவாக்காரருக்கு அறை இல்லை"
என்று கதவுகளில் தொங்கிய அட்டையைப் பற்றியும் சொன்னேன்.
கட்டத்தில் இடம் போதவில்லை.
ஓரத்து வெள்ளையில்
தாளைத் திருப்பித் திருப்பி எழுதினான்.

ஞாயிறன்று புயலின் வால்.
துறையில் சங்கிலி.
மஞ்சள் கோட்டில் இசோமுரா
இரண்டு கைகளையும் பெருக்கல் குறியாக்கிக் காட்டினார்.

"படகு இல்லன்னா சாலையும் இல்லையா?"
இருக்கிறது. தலைக்கு மேலே.
கப்பல்கள் நுழைய உயர்த்திக் கட்டிய
மூக்குக்கண்ணாடிப் பாலம்.
ஏறுவதற்கே இரண்டரைச் சுற்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம்.
முதல் சுற்றில் ஆலைக் கூரை.
அடுத்த சுற்றிலும் அதே கூரை, கொஞ்சம் சிறுத்து.
லாரி போகும்போதெல்லாம் உள்ளங்கால் அதிர்ந்தது.
எங்கள் தெருவை முதன்முதலாக
மேலிருந்து பார்த்தேன்:
வெள்ளத் தடுப்புச் சுவருக்குப் பின்னால்
தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கற்கள்.

எதிர்ப்பக்கமிருந்து அவர் ஏறி வந்திருந்தார்.
முழங்கால் வலிக்காரர், கைப்பிடியில் சாய்ந்து
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான்கு வருடமாக ஆற்றகலத்துக்கு அப்பால்
வெறும் தொப்பியாக மட்டுமே நான் பார்த்த ஆள்.
நரைத்திருந்தது.
எனக்கும்தான்.

"தொப்பி எங்கே?"
"போச்சு," என்று ஆற்றைக் காட்டினார்.
தெப்பேய் சிரித்தான்.
பிறகு நானும், அரைச் சுற்று அளவுக்கு.

"சாயங்காலம் நானே இங்கே கொண்டுவந்து விடவா?"
"வேண்டாம். காற்று அடங்கிவிடும். படகில் அனுப்புங்கள்."
சொன்ன பிறகும் இரண்டு லாரி கடக்கும்வரை
யாரும் இறங்கவில்லை.

மாலை காற்று அடங்கியது. படகு வந்தது.
இசோமுரா சைக்கிளைப் பிடித்துக் கரையில் வைத்தார்.

மூன்றாவது கட்டத்தை
அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நிரப்பினான்:
ரயில் நிலையம் ஒன்று, வடக்கு மூலையில்.
பஸ் நிறைய.
படகுத்துறை ஏழு, காசு வேண்டாம்.
பாலம் ரொம்ப உயரம்.
அதன் மேலே அப்பாவும் அம்மாவும்
தொப்பியைப் பற்றிப் பேசினார்கள்.

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது.
மூன்று கட்டத்துக்கும் சேர்த்து
சிவப்பு மையில் பெரிய பூ வரைந்திருந்தார் ஆசிரியை.
'தொப்பி'க்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு சின்னக் கேள்விக்குறி.